பாதி ஆஸ்தியும் நான்கு மடங்கும்: குடும்ப அறக்கட்டளைகளைப் பற்றிப் பாலாற்றங்கரையிலிருந்து ஒரு விமரிசனம்

அறக்கட்டளை என்ற சொல்லின் பிற்பகுதியை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. கோயில் வழக்கில் ‘கட்டளை’ என்பது ஒருவர் நிலமோ பொருளோ எழுதிவைத்து, அதன் வருவாயில் இன்ன நாளில் இன்ன வழிபாடு நடைபெற வேண்டும், இன்னாருக்கு அன்னமிட வேண்டும் என்று செய்துவைக்கும் ஏற்பாடாகும். எதற்கு, யாருக்கு, எவ்வளவு என்பதைக் கொடுக்கிறவரே தீர்மானிக்கிறார். அவர் மறைந்த பின்னும் அவருடைய கட்டளை நிற்கிறது. பிற மொழிகள் மென்மையாக மூடிவைக்கும் இவ்வுண்மையைத் தமிழ் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறது. வறுமை ஒழிப்புக்கும், அண்மைக் காலமாகக் காலநிலைப் பாதுகாப்புக்கும் உலகெங்கும் பெருநிதி வழங்கிவரும் தனியார் குடும்ப அறக்கட்டளைகளை இறையியல் நோக்கில் மதிப்பிட முற்படும்போது, இச்சொல்லிலிருந்தே தொடங்குவது பொருத்தம் என்று எண்ணுகிறோம்.

இவ்விமரிசனத்தைச் செய்ய, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி அமைந்துள்ள தோல் தொழில் வட்டாரத்தைவிட ஏற்ற இடம் தமிழகத்தில் இல்லை. செல்வம் எங்கிருந்து வந்தது, அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பது இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. நாட்டின் உச்ச நீதிமன்ற ஏடுகளிலும் பதிவாகியிருக்கிறது. நன்கொடையின் பயனும் இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. வேலூரின் மருத்துவப் பணி முதல் கட்டடத்தைப் பெற்றதே ஒரு குடும்பத்தின் கொடையால்தான். நியூயார்க் நகர வங்கியாளரான ராபர்ட் ஷெல், மறைந்த தம் மனைவியின் நினைவாக ஐடா ஸ்கடர் அம்மையாரிடம் 10,000 டாலர் அளித்தார். அதில் எழுந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 1902இல் திறக்கப்பட்டது. 1918இல் அம்மையார் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கிய பின், அதற்கும் சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரிக்கும் ஆசியாவின் வேறு 5 பெண்கள் கல்லூரிகளுக்குமாக அமெரிக்கச் சபைப் பெண்கள் லூசி பீபடி அம்மையாரின் தலைமையில் நிதி திரட்டினார்கள். அவர்கள் 20 லட்சம் டாலர் சேர்த்தால் தான் 10 லட்சம் தருவதாக லாரா ஸ்பெல்மன் ராக்ஃபெல்லர் நினைவு நிதியம் கூறியது. ஆளுக்கொரு டாலராகத் தந்த எளிய பெண்கள் அந்த நிபந்தனையை 1923ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குள் நிறைவேற்றினர். அந்த எண்ணெய்ப் பணமும் அந்த ஒற்றை டாலர்களும் சேர்ந்து கட்டிய சுவர்களுக்குள் எத்தனை தாய்மார் உயிர் பிழைத்தனர் என்பதை அறிந்த நாம், குடும்ப நிதியை எடுத்த எடுப்பில் பழித்துப் பேச இயலாது. பெற்றுக்கொண்டவர்களின் பட்டியலில் நம் பெயரும் இருக்கிறது.

அதே குடும்பத்தின் பணத்தைப் பற்றி 1905இலேயே திருச்சபைக்குள் ஒரு பெரிய விவாதம் எழுந்தது; நம் மாணவர்கள் அதை அறிந்திருக்க வேண்டும். மதுரை மிஷனை 1834 முதல் நடத்திவந்ததும், ஆற்காடு மிஷனுக்குத் தொடக்க ஆண்டுகளில் தாய்ச் சங்கமாக இருந்ததுமான அமெரிக்கன் போர்டு, ஜான் டி. ராக்ஃபெல்லரிடமிருந்து 100,000 டாலர் நன்கொடையாகப் பெற்றது. கொலம்பஸ் நகரத்து ஆயரும் அன்றைய காங்கிரிகேஷனல் சபைகளின் தேசியத் தலைவருமான வாஷிங்டன் கிளாடன் அதைக் கடுமையாக எதிர்த்தார். இரயில் நிறுவனங்களிடம் இரகசியத் தள்ளுபடி பெற்றுச் சிறு எண்ணெய் வணிகர்களை நசுக்கிச் சேர்த்த பணத்தைத் திருச்சபை வாங்கினால், அந்த அநீதியைக் கண்டிக்கும் வாயை அது இழந்துவிடும் என்பது அவர் வாதம். பணத்துக்கு ஒழுக்கம் கிடையாது, பயன்படுத்துகிறவனிடமே ஒழுக்கம் இருக்கிறது என்று மறுதரப்பார் விடையளித்தனர். நன்கொடை தானாக வரவில்லை, போர்டே நாடிச் சென்று கேட்டது என்ற செய்தி பின்னர் வெளியாகி, கிளாடன் தரப்பைக்கூடச் சற்றுச் சங்கடத்துக்கு உள்ளாக்கியது. பணம் திருப்பி அனுப்பப்படவில்லை.

இவ்விவாதத்தை இன்று திரும்பிப் பார்க்கும்போது நம் மனத்தை உறுத்துவது ஒன்றே. இரு தரப்பாரும் பெரும்பாலும் பணத்தின் கறையைப் பற்றியே வாதிட்டனர். கறை ஒட்டுமா, கழுவினால் போகுமா, வாங்குகிற கை அசுத்தமாகுமா என்று, ஏறத்தாழ லேவியராகமத்தின் தீட்டு விதிகளைப் போலவே அவ்விவாதம் நடைபெற்றது. எவரிடமிருந்து அப்பணம் பறிக்கப்பட்டதோ அவர்களுக்கு என்ன திருப்பிக் கொடுக்கப்பட வேண்டும் என்பது விவாதத்தின் மையத்துக்கு வரவே இல்லை.

லூக்கா 19ஆம் அதிகாரத்தில் சகேயு பேசும் பேச்சு இவ்விடத்தில் நமக்குத் துணை. நம் பிரசங்கங்களில் அவன் பேசியதை ஒரே தீர்மானமாகச் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். ஆனால் அவன் இரண்டு தனித்தனித் தொகைகளைக் குறிப்பிடுகிறான். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்பது ஒன்று. அநியாயமாய் வாங்கியதற்கு நான்கு மடங்கு, யாரிடம் வாங்கினானோ அவருக்கே என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பெறுநர் யாரென்று அவனே தெரிந்துகொள்ளலாம்; ஏழைகள் பலர். இரண்டாவதில் அவனுக்குத் தெரிவுரிமை இல்லை. எரிகோவின் ஒரு குறிப்பிட்ட வீட்டுக் கதவை அவன் தட்டியாக வேண்டும். முதலாவது ஈகை, இரண்டாவது ஈடு. ஈகையைப் பெறுகிறவன் நன்றி சொல்கிறான்; ஈட்டைப் பெறுகிறவன் தொகையை எண்ணிப் பார்க்கிறான். தனியார் குடும்ப அறக்கட்டளை என்னும் அமைப்பு சகேயுவின் முதற் பாதியை மிக நேர்த்தியாகச் செய்யக் கற்றுக்கொண்ட ஒன்று. இரண்டாம் பாதிக்கு அதன் அமைப்பு விதிகளில் இடமே இல்லை. நம் விமரிசனத்தின் மையம் இதுவே.

முதற் பாதியைக்கூட அது முழுமையாகச் செய்வதில்லை. அமெரிக்கச் சட்டப்படி ஒரு தனியார் அறக்கட்டளை ஆண்டுதோறும் தன் சொத்து மதிப்பில் ஏறக்குறைய நூற்றுக்கு 5 பங்கைச் செலவிட்டால் போதுமானது. 1969ஆம் ஆண்டின் வரிச் சீர்திருத்தத்திலிருந்து வளர்ந்த விதி இது. மீதி 95 பங்கு முதலீடாக நின்று பெருகலாம். எந்தத் தொழிலில் நின்று பெருகுகிறது என்று நெடுங்காலம் எவரும் கேட்கவில்லை. 1940இல் தோன்றிய ராக்ஃபெல்லர் சகோதரர் நிதியம் காலநிலைப் பணிக்கு முன்பே உதவிவந்த அமைப்பு. அதுவே நிலக்கரி, எண்ணெய் முதலீடுகளிலிருந்து விலகும் முடிவை 2014இல்தான் அறிவித்தது. 1913இல் நிறுவப்பட்ட மூத்த ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அத்தகைய முடிவை 2020இல் வெளியிட்டது. எண்ணெய் விற்ற குடும்பத்தாரே எண்ணெயைக் கைவிட்டது பாராட்டத்தக்க மனந்திரும்புதல்தான். ஆயினும் வலக்கை 5 பங்கால் ஆற்றிய புண்ணை இடக்கை 95 பங்கால் கீறிக்கொண்டிருந்த ஆண்டுகள் எத்தனை என்று எண்ணும்போது, வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கக் கூறிய ஆண்டவரின் போதனைக்கு இப்படியும் ஒரு நிறைவேற்றமா என்று கேட்கத் தோன்றுகிறது.

சற்று வேறுபட்ட ஒரு முயற்சியையும் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். 1841இல் நெதர்லாந்தின் ஸ்னேக் நகரில் துணி வணிகம் தொடங்கிய பிரெனிங்க்மையர் குடும்பத்தார், தங்கள் ‘சி அண்டு ஏ’ நிறுவனத்தின் அறக்கட்டளைப் பணியைத் தொடர்ந்து 2020இல் லாடெஸ் அறக்கட்டளையை ஏற்படுத்தினர். காலநிலைச் சீர்குலைவு, சமத்துவமின்மை ஆகிய இரண்டையும் ஒரே நெருக்கடியின் இரு முகங்களாகக் கண்டு, தொழில்களின் விதிகளையே மாற்ற முயல்வது அதன் நோக்கம். தம் குடும்பம் வளர்ந்த ஆடைத் தொழிலையே சீர்ப்படுத்த நிதி வழங்குவதால் இது சகேயுவின் வீட்டுக்குச் சற்று அருகில் வருகிறது. எனினும் எந்தத் தொழிலாளிக்கு எந்த உரிமையைக் கோரும் ஆற்றல் தேவை என்பதைத் தெரிந்தெடுக்கும் மேசை இன்னும் நன்கொடையாளரின் அறையில்தான் இருக்கிறது. கட்டளை என்ற சொல் பொய்க்கவில்லை.

இனிப் பாலாற்றுக்கு வருவோம். இவ்வட்டாரத்தின் பழைய தோல் தொழில் ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் கொண்டு நடந்தது. அதற்கும் நாற்றமும் கழிவும் உண்டு. ஆனால் ஆற்றின் தாங்கும் வலுவுக்கு உட்பட்டே பெரும்பாலும் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மைய அரசு கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோலையும் தோற்பொருளையும் ஏற்றுமதி செய்ய ஊக்கமளித்தது. அந்நியச் செலாவணி வேண்டும் என்பதே அரசின் நோக்கம். வேகமான குரோமியப் பதனீடு பரவியது. ஆகவே இங்கு விளைந்த கேட்டைச் சில முதலாளிகளின் பேராசை என்று மட்டும் கூறிவிடுவது சரியன்று. அரசின் கொள்கையும் அயல்நாட்டுக் கடைகளின் தேவையும் அதில் பங்காளிகள். சிக்காகோவிலோ ஹாம்பர்க்கிலோ மலிவாகக் காலணி வாங்கியவரும் பங்காளியே.

பச்சைத் தோல் அழுகாதிருக்க உப்பிட்டுக் கொண்டுவரப்படுகிறது. அந்த உப்பைக் கழுவிய நீர், மயிர் நீக்கிய சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த நீர், தோலுக்குள் ஏறாமல் எஞ்சிய குரோமியம் கலந்த நீர் என அனைத்தும் வயல்களுக்கும் ஏரிகளுக்கும் ஆற்று மணலுக்கும் சென்றன. குரோமியத்தைப் பற்றியே அதிகம் பேசப்படுகிறது. ஆனால் உழவனின் கிணற்றைக் கெடுத்ததில் பெரும்பங்கு இந்தச் சாதாரண உப்புக்கு உண்டு. தென்னை காய்க்காமற் போனது, நெல் கருகியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கில், இவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ பயிருக்குத் தகுதியற்றதாகிவிட்டது என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு எடுத்துரைக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் நீதியரசர் குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்துகிறவரே ஈடு செய்ய வேண்டும், ஐயமிருப்பின் முன்னெச்சரிக்கையே விதி என்ற இரண்டு கோட்பாடுகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதிகள் என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியது. ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. பாதிக்கப்பட்டோரைக் கண்டறிந்து ஈட்டுத் தொகையை நிர்ணயிக்கத் தனி ஆணையம் ஒன்றும் அமைக்க ஆணையிடப்பட்டது.

இத்தீர்ப்பை ஏதோ புதிய, மேல்நாட்டுச் சுற்றுச்சூழல் தத்துவம் என்று நம்மிற் பலர் நினைத்தோம். யாத்திராகமம் 21, 22ஆம் அதிகாரங்களை அருகில் வைத்துப் படித்தால் அது பழைய செய்தி என்பது விளங்கும். குழி தோண்டி மூடாமல் விட்டவன், அதில் விழுந்த மாட்டுக்கு விலை கொடுக்க வேண்டும். தன் மிருகத்தைப் பிறன் வயலில் மேயவிட்டவன் தன் வயலின் நல்ல விளைச்சலிலிருந்து ஈடு கொடுக்க வேண்டும். மூட்டிய நெருப்பு முட்செடியில் பற்றி அயலானின் கதிரை எரித்துவிட்டால், மூட்டினவன் பதில் கொடுக்க வேண்டும். அவன் வேண்டுமென்று செய்தானா என்ற கேள்வி கடைசி விதியில் கேட்கப்படுவதேயில்லை. நெருப்பு அவனுடையது, எரிந்த கதிர் அயலானுடையது, அவ்வளவே. எரித்தவன் ஊருக்குச் சத்திரம் கட்டினான் என்பது அயலானின் கதிருக்கு விடையாகாது.

ஈட்டின் கதையும் மகிழ்ச்சி தருவதாக இல்லை. ஆணையம் 2001ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டத்தில் 29,193 பேரைப் பாதிக்கப்பட்டோர் எனக் கண்டு, 500க்கு மேற்பட்ட தொழிற்சாலைகள் அவர்களுக்கு ஏறக்குறைய 26.82 கோடி ரூபாய் தர வேண்டும் என்றது. வகுத்துப் பார்த்தால் தலைக்குச் சராசரி 10,000 ரூபாய்க்கும் குறைவு. பட்டுப்போன ஒரு தென்னந்தோப்பின் ஓராண்டு வருவாய்க்கும் போதாது. தொகை நிலத்தின் பரப்பையும் கேட்டின் அளவையும் வைத்துக் கணக்கிடப்பட்டது. பட்டா இல்லாதவருக்கு அதில் வழியில்லை. ஆனால் வயல் பாழானபோது முதலில் வேலை இழந்தவர் பட்டா இல்லாத கூலியாளர்தாம். இவ்வட்டாரத்தில் நம் சபைகளின் பெரும்பான்மை அவர்களே. ஊர்க் கிணற்றில் ஒருகாலத்தில் நீர் மொள்ள விடப்படாதவர்கள், பின்பு தங்கள் சேரிக் கிணற்று நீரையும் இழந்தார்கள்.

இங்கே போதகர்களின் இக்கட்டு தொடங்குகிறது. அதே கூலியாள் அல்லது அவன் மகள்தான் தோல் தொழிற்சாலையிலும் காலணித் தொழிற்சாலையிலும் வேலைக்குச் செல்கிறாள். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காலணியின் மேற்பகுதியைக் கையால் தைத்து, ஜோடிக்குச் சில ரூபாய் பெறுகிறவளும் அவளே. ஆலையை மூடினால் அடுப்பு எரியாது. திறந்துவைத்தால் குடிக்க நீர் இல்லை. நகரத்து அன்பர்கள் சிலர் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளும்படி அவளிடம் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். தோல் பதனிடுகிற சீமோனின் வீட்டில் பேதுரு நெடுநாள் தங்கியதை லூக்கா ஓர் ஊர்க் குறிப்பைப் போல எழுதிச் செல்கிறார். அவ்வீடு கடலோரத்தில் இருந்தது என்றும் சொல்கிறார். யூத மரபின் மிஷ்னா, தோல் பதனிடும் இடம் ஊருக்கு 50 முழத்துக்கு அப்பால், அதுவும் கீழ்த்திசையில்தான் இருக்கலாம் என விதித்தது. காற்றைக் காக்கும் நல்ல விதி அது. நம் நாட்டில் அதே தொலைவை நாம் தொழிலுக்கு மட்டுமன்றித் தொழில் செய்த மனிதருக்கும் விதித்தோம். பேதுரு அந்தத் தொலைவைக் கடந்து உள்ளே சென்று தங்கிய பிறகுதான், மேல்வீட்டில் அவருக்கு அந்தத் தரிசனம் கிடைத்தது. தோல் வட்டாரத்தைப் பற்றிய இறையியல் அவ்வீட்டுக்குள்ளிருந்து பேசப்பட வேண்டியது.

காலநிலை நிதி என்ற புதிய பெயருடன் இன்று வரும் அறக்கட்டளைப் பணம் இவ்வீட்டுக்குள் நுழையும்போது என்ன நேர்கிறது? அப்பணத்துக்கு ஓர் அளவுகோல் வேண்டும்; பெரும்பாலும் அது கரிப்புகையின் அளவு. எத்தனை டன் புகை குறைந்தது என்று எழுத முடிந்தால் திட்டம் வெற்றி. ஆனால் பாலாற்றில் அந்த அளவுகோல் தடுமாறுகிறது. 1990களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. பின்னர், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்ற கண்டிப்பான விதி வந்தது. ஆற்றுக்கு அது நல்லது. அவ்விதியை நிறைவேற்ற, சவ்வுகளின் வழியே நீரைப் பிரித்து, எஞ்சிய உவர்க்கரைசலைக் கொதிக்கவைத்து ஆவியாக்க வேண்டும். அதற்கு விறகோ நிலக்கரியோ மின்சாரமோ மிகுதியாகச் செலவாகும். ஆற்றைக் காக்க வானில் புகை விடுகிறோம். கடைசியில் எஞ்சும் கலப்பு உப்பை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் கிடங்குகளில் குவித்துவைக்கிறார்கள். புகையை மட்டும் எண்ணுகிற அளவுகோல் இந்நிலையத்தைக் குற்றவாளியாகக் காணும். ஆற்றை மட்டும் எண்ணுகிற அளவுகோல் அதை மீட்பராகக் காணும். ஏழையின் கிணறு இரண்டு அளவுகோல்களுக்கும் வெளியே கிடக்கிறது. அது குறைக்க வேண்டிய புகையும் அன்று, அடைக்க வேண்டிய குழாயும் அன்று. முன்பே நடந்து முடிந்துவிட்ட ஒரு கேடு. எதிர்காலத்தைக் காப்பாற்றப் பணம் தருகிறவர்கள் பலர். கடந்தகாலத்துக்குப் பணம் தருகிறவர் அரியர், ஏனெனில் கடந்தகாலத்துக்குக் கொடுப்பது கடனை ஒப்புக்கொள்வதாகிவிடும்.

இதன் விலையைச் சிலர் உயிரால் கொடுத்தனர். 2015 ஜனவரி இறுதியில் இராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றைத் தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் இரவில் உடைந்து, அருகே உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்மேல் சரிந்தது. இறந்த 10 பேரில் பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

உள்ளூர்த் தோல் வணிகக் குடும்பங்களின் கொடைகளைப் பற்றியும் நாம் பேச வேண்டும். அயல்நாட்டாரை மட்டும் விமரிசிப்பது எளிது. இவ்வட்டாரத்து முஸ்லிம் தோல் வணிகர்கள் நம் மிஷன்களுக்குச் சற்றும் குறையாத ஆர்வத்துடன் கல்விக்கு வாரி வழங்கியவர்கள். வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் தோன்றியது. தோல் வணிகரான காகா முகம்மது உமர், ஆம்பூரை அடுத்து ஜாமியா தாருஸ்ஸலாம் என்ற அறிவகத்தை 1924இல் நிறுவினார். அந்த ஊரே இன்று அவர் பெயரால் உமராபாத் என வழங்குகிறது. அக்கல்லூரி வகுப்புகளில் பல சமயத்து ஏழை மாணவரும் படித்து முன்னேறினர். இவை மெய்யான ஈகைகள். ஆயினும் இஸ்லாமிய அறநெறியே ஜக்காத்து ஒன்று, மனிதர்க்குரிய கடன் வேறொன்று எனப் பிரித்துக் கற்பிக்கிறது. இறைவனுக்குச் செய்த குறையை இறைவன் மன்னிப்பான். பிற மனிதனுக்குச் செய்த குறையை அம்மனிதனிடம் தீர்த்துக்கொண்டாலன்றி அது தீராது என்பது ‘ஹக்குல் இபாத்’ பற்றிய அவர்களுடைய போதனை. சகேயுவின் இரண்டு தொகைகளையும் நம் அண்டைவீட்டார் நம்மைவிடத் தெளிவாக வேறுபடுத்தி வைத்திருக்கிறார்கள். நாமோ கிருபையைப் பற்றி மிகுதியாகப் பேசியதால், ஈட்டையும் ஈகைக்குள் கரைத்துவிட்டோம். சமய உரையாடலுக்கு இவ்வட்டாரத்தில் இதைவிட நல்ல பொருள் கிடைப்பது அரிது.

நாட்டின் சட்டமும் ஓரளவு விழித்திருக்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தங்கள் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு 2 பங்கைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென விதித்தது. வேறொரு சட்டப்படி செய்தே ஆக வேண்டிய கடமைக்கான செலவை இக்கணக்கில் சேர்க்கலாகாது என்று 2021ஆம் ஆண்டின் திருத்த விதிகள் தெளிவுபடுத்தின. கடமையைச் செய்துவிட்டு அதைத் தருமம் என்று பெயரிட்டு எழுதாதே என்பதே அதன் பொருள். ஒரு கணக்கர் எழுதிய விதியில் ஆமோஸின் குரல் கேட்கிறது என்றால் மிகையாகாது.

இப்போது வாங்குகிற கையைப் பற்றி. நம் நிறுவனங்களின் திட்ட அறிக்கைகளில் ‘பயனாளி’ என்ற சொல் நிறைந்திருக்கிறது. தையல் பயிற்சிக்கும் மரக்கன்றுக்கும் மழைநீர்த் தொட்டிக்கும் இத்தனை பயனாளிகள் என்று எழுதி, புகைப்படத்துடன் அனுப்புகிறோம். ஆணையத்தின் ஏட்டில் அதே ஊரின் அதே பெண்ணுக்குப் பெயர் ‘பாதிக்கப்பட்டவர்’. பயனாளி என எழுதப்படும்போது அவள் ஏதோ இல்லாதவள். பாதிக்கப்பட்டவர் என எழுதப்படும்போது அவளிடமிருந்து ஏதோ எடுக்கப்பட்டிருக்கிறது. நிதி தருகிறவர் முதற்பெயரையே விரும்புகிறார், ஏனெனில் அதில் வழக்கு இல்லை. நாமும் அப்பெயருக்குப் பழகிவிட்டோம். அறக்கட்டளைகளின்மேல் நாம் வைக்கும் குற்றச்சாட்டுகளில் பாதி, அவற்றுக்கு மனு எழுதுகிற நம் எழுதுகோலுக்கும் உரியது.

அப்படியாயின் திருச்சபை இத்தகைய பணத்தை வாங்கலாகாதா? கிளாடனின் காலத்துக் கேள்விக்கு நாம் கிளாடனின் விடையையே தர வேண்டியதில்லை. எண்ணாகமம் 5ஆம் அதிகாரத்தில் அதிகம் படிக்கப்படாத ஒரு விதி இருக்கிறது. பிறனுக்குத் தீங்கு செய்தவன் பாவத்தை அறிக்கையிட்டு, முதலுடன் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டித் தீங்கடைந்தவனுக்கே கொடுக்க வேண்டும். தீங்கடைந்தவனும் இல்லை, வாங்கிக்கொள்ள அவனுடைய உறவின்முறையானும் இல்லை என்றால் மட்டுமே அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். ஆசாரியனுடைய கை வரிசையில் கடைசியாக நிற்கிறது. தேட வேண்டியவர்களைத் தேடிய பின்பே அக்கை நீளலாம். ஒரு குடும்பத்தின் நிதி நம் வாசலுக்கு வரும்போது, அப்பணத்தில் கறை உண்டா என்று முகர்ந்து பார்ப்பதைவிட, இத்தொழிலால் தீங்கடைந்தவர்களின் பட்டியல் எங்கே, அவர்களுக்கு முதலில் கொடுத்தாயிற்றா என்று கேட்பதே இவ்விதி நமக்குக் காட்டும் வழி. அக்கேள்விக்கு விடை தர மறுக்கிற நன்கொடையை வாங்காமல் விடுவதில் தவறில்லை. நம் கட்டடக் குழுக்கள் இதை விரும்பமாட்டா.

அப்பட்டியல் இன்னும் முடிந்துவிடவில்லை. 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் நீதியரசர்கள் ஜே. பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் இவ்வழக்கின் தொடர்ச்சியில் மீண்டும் தீர்ப்பளித்தனர். ஈடு பெறாமல் விடுபட்டவர்களுக்கு அரசு முதலில் கொடுத்துவிட்டு, மாசுபடுத்தியவர்களிடமிருந்து அதை வசூலிக்க வேண்டும் என்றும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் தலைமையில் குழு அமைத்து ஆற்றின் நிலையைத் தணிக்கை செய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டனர். 1991இல் மனு கொடுத்தபோது பிறந்த குழந்தைக்கு அப்போது 33 வயது கடந்திருந்தது. இடையில், 2019இல், வேலூர் மாவட்டமே மூன்றாகப் பிரிக்கப்பட்டு, ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குச் சென்றுவிட்டன. எந்த அலுவலகத்தில் எந்தக் கோப்பு இருக்கிறது என்று கேட்டு அலைவதே ஒரு முதியவருக்குப் பெரும்பாடு. நிலம் வைத்திருந்தவருக்கு ஒரு பட்டாவாவது உண்டு. நிலமற்றவர் எந்த ஊரில் இருந்தார், எந்த ஆண்டில் குடும்பத்துடன் பெங்களூருக்கோ சென்னைக்கோ போனார் என்பதற்கு அரசு ஏடுகளில் சான்று கிடைப்பது அரிது.

நம் சபைகளின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளில் ஊர்ப்பெயரும் ஆண்டும் தகப்பன் பெயரும் தொழிலும் எழுதப்பட்டிருக்கின்றன. பாலாற்றுப் படுகையிலுள்ள சபைகளில் பணியாற்றும் நம் மாணவர்கள், விடுமுறைக் காலத்தில் அந்த ஏடுகளை எடுத்து, 1970களிலிருந்து எந்தெந்தச் சேரியில் எத்தனை குடும்பங்கள் குறைந்தன என்று எழுதிப் பார்க்கலாம். இதற்கு எந்த அறக்கட்டளையின் நிதியும் தேவைப்படாது. சில ஏடுகள் செல்லரித்துவிட்டன. முதலில் அவற்றைப் படியெடுக்க வேண்டும்.